சாணிக்குக் குடுக்காத நல்ல தண்ணி

நெடுந்தீவிலை நான் மருத்துவிச்சியா இருந்த காலம். எங்கடை கிளினிக் பிறிட்ஜ் மண்ணெண்ணெயிலை ஓடுறது. கீழை நெருப்பு எரிஞ்சாத்தான் உள்ளை குளிரும். இதை விளங்கப்படுத்தப் போனால் சனம் என்னை ஒருமாதிரிப் பார்க்கும், அதாலை விட்டிட்டன். சின்னமுத்து எண்டிற தட்டம்மைக்குப் போடுற தடுப்பூசி மருந்து அதுக்குள்ளைதான் இருந்தது. சூடேறினால் கொட்டவேண்டியதுதான்.

சண்டையோடை மண்ணெண்ணெய் வாறது நிண்டுது. கையிலை இருந்தது ஆறு கிழமைக்குத்தான் காணும். ஊசி போடவேண்டிய பிள்ளையளுக்கு ஒன்பது மாதம் நிறைய ஏழு கிழமை கிடந்தது. அதுக்கு முதல் போடேலாது. எண்ணெய் தீருது எண்டு பிள்ளையள் கெதியா வளருமே?

என்ரை மனுசன் பள்ளிக்கூடத்திலை விஞ்ஞான வாத்தியார். அழுகிற சாமானிலையிருந்து ஐதரசன் எண்ட எரியிற வாயு எடுக்கலாம், அதை எரிச்சுப் பிறிட்ஜை ஓட்டுவம் எண்டார். வீட்டு அடுப்பை ஒருக்காலும் மூட்டியறியாத ஆள். ரெண்டு தார்ப்பீப்பாவைக் கொண்டந்து, மாட்டுச்சாணியும் அழுகின பனம்பழமும் போட்டு, வளவுக் கிணத்துத் தண்ணியை ஊத்திக் கரைச்சு மூடினார். ஒரு கிழமை எங்கடை வீட்டுப்பக்கம் ஒருத்தரும் வரேல்லை.

பீப்பாவிலை வாயு வந்தது. அதைக் கண்ணாடிக் குழாயிலை பிடிச்சு நெருப்புக்குச்சியைக் காட்டினார், குச்சி அணைஞ்சு நூந்துபோச்சு. ஐதரசன் எண்டால் 'பொப்' எண்டு வெடிக்கவேணுமாம். பதினைஞ்சு நாள் குச்சி காட்டினார். நெருப்புப்பெட்டிக்கும் அந்த நாளிலை தட்டுப்பாடு.

பிறகுதான் யோசிச்சுக் கண்டுபிடிச்சார். எங்கடை கிணறு உவர். உப்பிலை வாயு உண்டாக்கிற கிருமியள் சீவிக்காதாம். எல்லாத்தையும் கொட்டிப்போட்டு நல்ல தண்ணியிலை கரைக்கவேணும், ஆறு குடம் தாரும் எண்டார்.

நெடுந்தீவிலை நல்ல தண்ணி எண்டால் என்னெண்டு தெரியுமோ? ரெண்டு கட்டை தூரம் சைக்கிள் உழக்கி, கிணத்தடியிலை வரிசையிலை நிண்டு, ஒரு நாளைக்கு ரெண்டு குடம். உடுப்புத் தோய்க்கிறதும் முழுகிறதும் உவரிலை. இது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். அதைச் சாணிக்கோ? எனக்கு விசர் வந்திட்டுது. ஊர் சிரிக்கும், ஒரு சொட்டும் தரமாட்டன் எண்டனான். அவர் ரெண்டாந்தரம் கேக்கேல்லை. அவரும் இந்த ஊர்தானே.

மூண்டு கிழமை பிடிவாதமா நிண்டன். எண்ணெய்ப் போத்தலின்ரை அடியைக் கண்ட பிறகுதான் குடத்தைத் தூக்கிக் குடுத்தனான். எண்ணெய் ஒரு செவ்வாய்க்கிழமை முடிஞ்சுது. குழாய் 'பொப்' எண்டது அதுக்கு ஒன்பது நாள் கழிச்சு. மனுசன் துள்ளினார். பிறிட்ஜும் நல்லாத்தான் குளிர்ந்தது, உள்ளை ஒரு போத்தல் தண்ணி மட்டும். மருந்தை நான் ஏற்கெனவே கொட்டியிட்டன்.

அதுக்குப் பிறகு வந்த கிளினிக் நாளிலை தாய்மார் பிள்ளையளோடை வந்திச்சினம். மண்ணெண்ணெய் இல்லாததாலை மருந்து பழுதாப்போச்சு எண்டு சொல்லியிருக்கலாம்; எல்லாரும் நம்பியிருப்பினம். முன்வாங்கிலை இருந்த தாயின்ரை முகத்தைப் பார்த்து அப்பிடிச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நடந்ததைச் சொன்னனான்.

"நான் நேரத்துக்குத் தண்ணி குடுத்திருந்தால் மருந்து தப்பியிருக்கும்."

அவ மடியிலை கிடந்த பிள்ளையின்ரை சட்டையை இழுத்துவிட்டா.

"நானும் குடுத்திருக்கமாட்டன், மிஸ்ஸி."

அடுத்த மருந்து வள்ளத்திலை வாறதுக்கு முதல் அந்தப் பிள்ளைக்குச் சின்னமுத்து வந்திட்டுது. பிள்ளை தப்பியிட்டுது, ஒரு காது கேளாது. தாய் என்னை ஒருநாளும் ஏசினதில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.