சண்டையின் நடுவில் கோணிய வாய்

போன மாசியில் ஒரு காலை, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் தோணிரேவு கிராமத்தில் நடந்தது இது. நான் துவைத்துப் போட்ட புடவைக்குக் கீழேயே என் மூத்த ஓரகத்தி கருவாட்டைக் காய வைத்திருந்தாள். நான் ஆரம்பித்தேன், அவளும் விடவில்லை. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று எனக்கு நாக்கு குழறியது. அடுத்த வார்த்தை வரவேயில்லை. வலது கை தொங்கிவிட்டது.

அவள் ஜெயித்துவிட்டாள் என்றே கூட்டம் நினைத்தது. அவள் மட்டும் என் முகத்தை உற்றுப் பார்த்து, "இவ இவ்ளோ சீக்கிரம் வாய மூடுறவ இல்லியே! வாய் கோணிக்கினு போவுது பாரு, வண்டியக் கூப்புடுங்க!" என்று கத்தினாள்.

ஒருத்தி சோடா கொண்டுவந்தாள், இன்னொருத்தி நல்லெண்ணெய். இரண்டையும் ஓரகத்தி தட்டிவிட்டாள். அவளுடைய நைனாவுக்கு இதே மாதிரி வந்து, எண்ணெய் தேய்த்தே நேரத்தைக் கடத்தியதில் அவருக்குக் கை விளங்காமல் போயிருந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போன வேனை மறித்து என்னைத் தூக்கிப் போட்டாள். மற்றவர்களை இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வேலைக்குக் கிளம்பியவர்களும் எங்களோடு சென்னை ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தார்கள்.

"இவங்க கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"கல்யாணமாயி வந்ததுலேந்து நல்லா இருந்ததே இல்ல சார்" என்றாள் ஓரகத்தி.

டாக்டர் முறைத்த பிறகுதான், ஒன்பது மணி பஸ் வந்தபோது நான் தெளிவாகத் திட்டிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. பதில் சொல்லத்தான் முடியவில்லை. இனி பேச்சே வராதோ என்று கண்ணீர் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள். ஒரே கருவாட்டு வாடை.

தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, மூளையில் அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்தார்கள். மறுநாள் டாக்டர் விளக்கினார். பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலும், பக்கத்துச் சின்னக் குழாய்கள் சுற்றுவழியில் ரத்தம் கொண்டுபோய் மூளையைத் தாக்குப்பிடிக்க வைத்தனவாம். எல்லோருக்கும் அப்படி அமையாதாம். அமைந்தாலும் ரொம்ப நேரம் தாங்காதாம். தாமதித்திருந்தால் அவையும் கைவிட்டிருக்கும் என்றார்.

எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு அவள், "அப்போ இவளுக்கு மூள கீதுனு ஸ்கேன்ல தெரிஞ்சிச்சா சார்?" என்றாள்.

"போ...டி" என்றேன்.

மூத்தவளை அப்படிச் சொன்னதற்கு வேறொரு நாளாக இருந்தால் பஞ்சாயத்தே கூடியிருக்கும். அன்று அவள் ஓவென்று அழுதாள்.

இப்போதும் எங்களுக்குள் சண்டை உண்டு. எனக்கு ஒரு வார்த்தை தடுமாறினால் போதும், உடனே நிறுத்தி, "எங்க, பல்லக் காட்டு, ரெண்டு கையும் தூக்கு" என்கிறாள். காட்டிவிட்டுத்தான் தொடர வேண்டியிருக்கிறது. அத்தனை கோபத்திலும் என் முகத்தைக் கவனித்தவளால்தான் எனக்கு இன்று சண்டை போட வாய் இருக்கிறது என்று நினைக்கும்போது, பாதியிலேயே சிரிப்பு வந்து தோற்றுப்போகிறேன்.