பாக்கெட்டில் ஒண்டுக்குடித்தனம் ஆகாது

"முதல்ல பாக்கெட்டைக் கவுத்துங்க" என்கிறாள் வெர்னா ஃபியூகேட், வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே. கண்ணாடிப் பெட்டியின் மேல் பச்சைத் துணி விரித்த தட்டு ஒன்றை நகர்த்தி வைக்கிறாள். கால்சட்டைப் பையில் அடங்குகிற சின்ன பிஸ்டலாக ஒன்றை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிடலாம் என்று வந்த ஆள், நெளிந்துகொண்டே ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். சாவிக்கொத்து, சில்லறை, மரையாணி, பாதி மென்று காகிதத்தில் மடித்த சூயிங்கம்.

"இதுல ஏதாவது ஒண்ணு விசையில மாட்டினாப் போதும், உங்க தொடைக்கு அன்னிக்கே காரியம்தான்" என்று சாவியைத் தூக்கிக் காட்டுவாள். "துப்பாக்கின்னா அதுக்குத் தனி வீடு வேணும். ஒண்டுக்குடித்தனமெல்லாம் ஆகாது, சொல்லிட்டேன்."

அமெரிக்காவில், கென்டக்கி மலைக்குக் கீழே, ஆறு வளைகிற இடத்தில் கடை. முன்பாதியில் தூண்டில் புழுவும் நாய்த்தீனியும், பின்பாதியில் துப்பாக்கி. புழுவைப் புருஷன் டாயில் பார்த்துக்கொள்கிறார், மற்றதெல்லாம் வெர்னா. ஐம்பத்தெட்டு வயது, குட்டை, நல்ல பருமன். பெண்களுக்குக் கால்சட்டை தைக்கிறவர்களுக்குப் பாக்கெட் என்றால் என்னவென்றே தெரியாது என்பது அவளுடைய நெடுநாள் கோபம். அதனால் ஆண்கள் பக்கம் வாங்கிய காக்கிக் கால்சட்டையைத்தான் கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் போட்டுக்கொண்டு போவாள். வலது பாக்கெட்டில் தோல் உறைக்குள் சின்ன பிஸ்டல் ஒன்று. அங்கே வேறு எதற்கும் இடமில்லை. பேனா, ரசீது, மூக்குக்கண்ணாடிக் கூடு, டாயிலின் இரத்த அழுத்த மாத்திரை எல்லாம் இடது பக்கத்தில் திணிந்து கிடக்க, ஒரு பக்கம் சாய்ந்தபடிதான் நடப்பாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் பழைய லாரியிலிருந்து பிடுங்கிய இருக்கை ஒன்று கிடக்கிறது. வாங்க வந்தவர் காலித் துப்பாக்கியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டைப் போட்டு, எழுந்து, ஒரு நாய்த்தீனி மூட்டையைத் தூக்கிப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். தூக்கும்போது பாக்கெட் செங்கல் வைத்ததுபோல் தொங்கினால், "வெளியே தெரியுது பாருங்க, ஊருக்கே தம்பட்டம்" என்பாள். பெரிதாகத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறாள். "உறுத்துதுன்னு ஒரே வாரத்துல மேஜை டிராயர்ல தூங்கப் போட்டுடுவீங்க. டிராயர்ல தூங்கறதுக்குத் துப்பாக்கி எதுக்கு, ஒரு பூனை வாங்கிக்கிட்டுப் போங்க." இருப்பதிலேயே குட்டியானதைக் காட்டச் சொல்கிறவர்களும் தப்ப முடியாது. "அது கழுதை மாதிரி உதைக்கும். ஒரு தடவை சுட்டுப் பார்த்துட்டு அப்புறம் பழகவே வரமாட்டீங்க. பழகாத துப்பாக்கியும் பல்லு விளக்காத வாயும் ஒண்ணு, பக்கத்துல இருக்கறவனுக்குத்தான் கஷ்டம்."

கைக்கு அடங்க வேண்டும். எடுக்கும்போது துணியில் மாட்டும் முனை எதுவும் இருக்கக் கூடாது. விசை முழுவதையும் உறை மூடியிருக்க வேண்டும். இத்தனையும் தேறினாலும் கடைசியாக ஒரு பரீட்சை உண்டு. அதுதான் நீலப் பொம்மை. கெட்டி நீலப் பிளாஸ்டிக்கில் வார்த்தது, உள்ளே ஈயம், நிஜத் துப்பாக்கியின் அளவும் எடையும் அப்படியே. அதை உறையோடு ஒரு வாரம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, போகிற இடத்துக்கெல்லாம் போய்வர வேண்டும். அதற்கு மேல்தான் விலை பேச்சு. இதனாலேயே பாதிப் பேர் பக்கத்து ஊர்க் கடைக்குப் போய்விடுகிறார்கள். டாயில் தலையில் அடித்துக்கொள்வார். வெர்னா அசைய மாட்டாள்.

போன மாதம் எஸ்டில் நேப்பியர் வந்தார். எழுபதைத் தாண்டிய நெட்டை மனிதர், சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது பெட்ரோல் பங்குக்கு எதிரே, காசு போட்டால் ஓடும் துணி துவைக்கிற மெஷின்களை வைத்து ஒரு லாண்டிரி நடத்துகிறார். சில வாரம் முன்பு கடையைப் பூட்டும் நேரத்தில் வெளியூர் ஆட்கள் இரண்டு பேர் அவரைக் கீழே தள்ளி, சில்லறைப் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூக்குக்கண்ணாடி உடைந்தது. "காசுதான் போச்சு, பல்லு பத்திரமா இருக்கு. அதுவும் சொந்தப் பல்லு இல்ல" என்று எல்லாரிடமும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து வெயில் இருக்கும்போதே கடையைச் சாத்திவிடுகிறார். வேலை முடிந்து அழுக்குத் துணியோடு வருகிற பெண்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர் பயந்துபோயிருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். அவரிடம் யாரும் சொல்வதில்லை.

வெர்னா தட்டை நகர்த்தினாள். எஸ்டில் வலது பாக்கெட்டைக் கவிழ்த்தார். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பெப்பர்மிண்ட் மிட்டாய், ஒரு கைப்பிடி. வேறொன்றும் இல்லை.

"சாவி எங்க அண்ணே?"

"சாவி வண்டியில கிடக்கும். இந்தப் பாக்கெட் என்னோடது இல்லம்மா, உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசிப் பாட்டு முடிந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து அந்தப் பாக்கெட்டுக்குள் கையை விடும். எஸ்டில் எதுவுமே தெரியாதவர்போலக் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வெர்னாவின் மகன் இப்போது தாடி வைத்துக்கொண்டு லாரி ஓட்டுகிறான். அவனும் அதில் கைவிட்டு வளர்ந்தவன்தான்.

குண்டு ஏற்றுவதற்குப் பிஸ்டலின் மேல்தட்டைப் பின்னால் இழுக்க அவருடைய விரல்களால் முடியவில்லை. சுரங்கம் அந்த விரல்களை அப்படி ஆக்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். வெர்னா வேறெங்கோ பார்த்தாள். பிறகு, குண்டைத் தட்டும் சுத்தியல் முனை வெளியே தெரியாத குட்டி ரிவால்வர் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இழுக்க வேண்டியதில்லை, மாட்டிக்கொள்ளவும் எதுவும் இல்லை. எஸ்டிலின் முகம் மலர்ந்துவிட்டது.

"எனக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கே! இதையே குடு, இன்னிக்கே எடுத்துக்கிட்டுப் போறேன்."

"ஒரு வாரம் பொம்மை."

"ஏம்மா, நான் என்ன பால்குடிப் பிள்ளையா? உங்க கல்யாணத்துல டாயிலுக்கு டை கட்டிவிட்டதே நான்தான். என்னை உனக்குத் தெரியாதா?"

வெர்னாவுக்கு மனசு இளகிவிட்டது என்பதே உண்மை. இந்த ஒரு ஆளுக்காவது சட்டத்தைத் தளர்த்திவிடலாம், இன்றைக்காவது நிம்மதியாகக் கடையைப் பூட்டட்டும் என்று தோன்றியது. கை ரிவால்வர் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. நீலப் பொம்மையை உறையில் போட்டு நீட்டினாள். "மிட்டாயை இடது பக்கம் மாத்திக்குங்க அண்ணே. அவ்வளவுதான். அடுத்த திங்கள் வாங்க."

மிட்டாய் அன்றைக்கே இடம் மாறியது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஞாயிறு, கடைசிப் பாட்டு முடிந்தது. கீழே கூடத்தில் பீன்ஸ் சூப்பும் சோளரொட்டியும் தயாராகி வாசனை மேலே வந்துகொண்டிருந்தது. வெர்னா மூன்றாவது வரிசையில் பாட்டுப் புத்தகத்தை மூடுகிறாள், பாஸ்டரின் கடைக்குட்டி ஹேட்டி எஸ்டிலின் பின்பக்கமாக ஓடிவருகிறாள். நாலு வயது. எப்போதும்போல வலது பாக்கெட்டில் கையை விட்டாள். பிடி கையில் சிக்க, பொம்மை உறையிலிருந்து வெளியே வந்தது. நீலமாக, பளபளவென்று, இதுவரை கிடைத்ததிலேயே பெரிய மிட்டாய். குழலின் நுனியை வாயில் வைத்து ஒரு கடி கடித்தாள்.

"பிரதர் எஸ்டில், இது இனிக்கவே இல்ல!"

சர்ச்சே சிரித்தது. பாஸ்டரும் வயிறு குலுங்கச் சிரித்தார். வெர்னாவின் நீலப் பொம்மை அந்த ஊரில் யாருக்குத் தெரியாது! எஸ்டில் சிரிக்கவில்லை. மெல்ல மண்டியிட்டு, குழந்தையின் வாயிலிருந்து அதை எடுத்து, உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார். இடது பாக்கெட்டிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். வெர்னா பாட்டுப் புத்தகத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். திங்களன்று இளகிய மனசு இன்னும் கொஞ்சம் இளகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாள். அன்றைக்குச் சோளரொட்டியைத் தொடாமலே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே எஸ்டில் வாசலில் நின்றார். பொம்மையைப் பச்சைத் துணியின் மேல் வைத்தார். நுனியில் சின்னப் பல் பதிந்திருந்தது.

"இடுப்புல கட்டற உறை இருக்கு அண்ணே. கணுக்கால்லகூடக் கட்டலாம்."

"பிள்ளைங்க காலைக் கட்டிக்கிட்டுத் தொங்குதுங்க. இடுப்புல ஏறிச் சவாரி பண்ணுதுங்க. லாண்டிரிக்கு வர்ற பொம்பளைங்க துணி மடிக்கறவரைக்கும் பிள்ளைங்க என் மேலதான் கிடக்கு. அதுங்க கை படாத இடம் என் உடம்புல எது, நீயே சொல்லு."

வெர்னா சொல்ல விரும்பாததைச் சொன்னாள். தொழில் அப்படி. "அப்ப மிட்டாயை நிறுத்திடணும் அண்ணே. கிட்ட வராதேன்னு சொல்லிடணும். ரெண்டுல ஒண்ணுதான்."

எஸ்டில் பொம்மையின் நுனியில் இருந்த பல் தடத்தை விரலால் தடவினார். "ரூபி போய் அஞ்சு வருஷம் ஆச்சு" என்றார், செத்துப்போன மனைவியைச் சொல்லி. "அதுக்கப்புறம் என்னைத் தொடறது இந்தப் பொடிசுங்க மட்டும்தான், வெர்னா. துப்பாக்கி வேணாம். இருட்டறதுக்குள்ள பூட்டிட்டுப் போயிடறேன், அவ்வளவுதானே."

அவர் போன பிறகு குட்டி ரிவால்வரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். வியாபாரம் போனதற்காக அழுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்று கண் கலங்கியது வேறு எதற்காகவோ. "என்ன?" என்று கேட்ட டாயிலிடம், "உன் புழு நாத்தம்" என்று எரிந்து விழுந்தாள்.

அன்று சாயங்காலம் எஸ்டில் லாண்டிரிப் பலகையை 'மூடியாச்சு' பக்கம் திருப்பப் போகும்போது, வெர்னா ஒரு கூடை நிறையக் குளியல் துண்டுகளோடு வந்து நின்றாள்.

"வீட்டுல மெஷின் ரிப்பேர். என்ன அவசரம் உங்களுக்கு? இது முடியட்டும்."

மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை. டாயில் அதில்தான் அப்போது சாக்ஸ் துவைத்துக்கொண்டிருந்தார். வெர்னா கதவைப் பார்த்தாற்போல ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வேலை முடிந்து வந்த பெண்கள் விளக்கு எரிவதைப் பார்த்து ஆச்சரியத்தோடு உள்ளே வந்தார்கள். பிள்ளைகள் எஸ்டில் மேல் ஏறின. இருட்டிய பிறகு, பழைய வழக்கமான நேரத்துக்கு அவர் கடையைப் பூட்டினார். வெர்னா பக்கத்தில் நின்று வெள்ளரிக்காய் ஊறுகாய் போடுவதைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் எஸ்டில் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "நேத்து வந்த துண்டுங்கதானே இது? இன்னும் நாலு தடவை போட்டா நூல்தான் மிஞ்சும்."

"கறை போகல."

"எங்க கறை? எனக்குத் தெரியலையே."

"உங்க கண்ணாடி புதுசு. பழகினா தெரியும்."

எஸ்டில் அவளைப் பார்த்தார். கதவைப் பார்த்தபடி கிடக்கும் நாற்காலியைப் பார்த்தார். ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் அந்தக் காக்கிக் கால்சட்டையின் வலது பாக்கெட்டையும் பார்த்தார். சாவியைத் திருப்பினார், பூட்டு ஒரே சுற்றில் சரியாக விழுந்தது. பிறகு தன் வலது பாக்கெட்டில் கையை விட்டு ஒரு பெப்பர்மிண்ட் எடுத்து நீட்டினார்.

வெர்னா அதை வலது கையில் வாங்கினாள். வலது பாக்கெட் பக்கம் போன கை பாதி வழியில் நின்றது. மிட்டாயை இடது கைக்கு மாற்றி, டாயிலின் மாத்திரைக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவே திணித்துக்கொண்டாள்.