வளையத்தில் தொங்கிய சிவப்பு அட்டை

கலைக்கூடத்தில் விளக்கம் சொல்கிறவனின் வேலை, யாரும் கேட்காத கேள்விக்கு அழகாகப் பதில் சொல்வது. எந்தத் தொழிலிலாவது நின்றபடியே பேசித் தொண்டை வறண்டவர்களுக்கு இதற்கு மேல் விவரிக்க வேண்டாம்.

நான் அந்த வேலையைப் பார்ப்பது நெய்வேலி டவுன்ஷிப்பில். பழைய குடோன் ஒன்றை ஓர் அறக்கட்டளை நவீனக் கலைக்கூடமாக மாற்றியிருந்தது. உள்ளே ஒரே ஒரு படைப்பு: மூன்று ஆள் உயர எஃகு வளைவு, அதன் உச்சியிலிருந்து தொங்கும் பெரிய எஃகு வளையம். கையால் தள்ளினால் வளையம் ஊஞ்சல்போல மெல்ல ஆடும். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அறக்கட்டளைக்காரர்கள் வந்து பார்ப்பதாக இருந்தது. வளையம் ஆடி, கூட்டமும் இருந்தால் கலைக்கூடம் தொடரும். இல்லாவிட்டால் மறுபடி குடோன்; எனக்கு வேறு வேலை.

எடை

வருகிறவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்திலோ மின் நிலையத்திலோ வேலை செய்கிறவர்கள். இரும்பை அவர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நாலு புத்தகம் படித்தவனால் சும்மா இருக்க முடியுமா? "இந்தப் படைப்பின் மையம் எஃகு அல்ல, எஃகு சூழ்ந்து நிற்கும் வெறுமை" என்று தொடங்கிக் கால் மணி நேரம் பேசுவேன்.

கிரேன் ஆபரேட்டர் ஒருவர் கைகட்டிக் கடைசிவரை கேட்டார். பிறகு எத்தனை டன் என்றார். நாலரை என்றேன். வளைவை ஒரு சுற்று வந்து, அண்ணாந்து பார்த்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "வெறுமையோட சேத்து நாலரையா சார், அது போகவா?"

குடும்பத்தோடு

வெல்டர் ஒருவர் வார லீவில் மனைவியை அழைத்துவந்தார். படைப்பின் முன்பக்கம் அவர் நிற்கவே இல்லை. நேராகப் பின்னால் போய், இணைப்புகளை விரலால் தடவிக்கொண்டே மனைவிக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். இது ஒரே மூச்சில் போட்டது, இது கை நடுங்கிப் போட்டது, இது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டது. சிற்பியின் மனநிலையைப் பற்றி நான் எழுதி ஒட்டியிருந்த இரண்டு பக்கங்களைவிட அது எவ்வளவோ தெளிவாக இருந்தது. அந்த அம்மாள் அரை மணி நேரம் பொறுத்தார். "வெல்டிங்க பாக்கறதுக்கா என்னைய பட்டுப்புடவ கட்டச் சொன்னீங்க?"

அட்டை

கடைசி ஞாயிற்றுக்கு எட்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை. காலை விளக்கம் முடிந்து டீ குடித்துவிட்டு வந்தால், வளையத்தை யாரோ வளைவின் காலோடு சேர்த்துக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கம்பியில் ஒரு சிவப்பு அட்டை: 'ஆபத்து. இயக்காதே.' கீழே பேனாவில், 'கலியமூர்த்தி, மெக்கானிக்கல், பி ஷிப்ட்.'

இந்த ஊர்க்காரர்களுக்கு அட்டை எதற்கென்று தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழுதான இயந்திரத்தில் அதைக் கட்டியவர் எவரோ அவர்தான் கழற்ற வேண்டும். வேறொருவர் கழற்றி இயந்திரத்தை ஓடவிட்டால், உள்ளே கையை விட்டு வேலை செய்கிறவனுக்குக் கை இருக்காது.

கட்டிங் பிளேயர் வேண்டுமென்று செக்யூரிட்டி காதர் பாயிடம் கேட்டேன். அவர் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருந்தவர். பிளேயரைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இது கலை, இயந்திரம் அல்ல என்று இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விரிவாக எடுத்துரைத்தேன். காதர் பாய் சொன்னார்: "ஆடுதுல்ல சார்? ஆடுனா அது மிஷின்தான்."

கழற்ற ஆள் தேவை

கூடத்து எலக்ட்ரீஷியனைக் கேட்டேன், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கிரேன் ஆபரேட்டரைக் கேட்டேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். சிற்பி சென்னையிலிருந்து போனில், வடிவத்தின் தூய்மை கெடுகிறது, உடனே அறுத்துப் போடுங்கள் என்றார். செவ்வாய்க்கிழமை நானே ஒரு பிளேயர் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். இந்த ஊர்க் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன் கை. கம்பிவரை போயிற்று, அதற்கு மேல் போகவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். 'ஏறாதீர்கள்' என்று நான் நான்கு மொழிகளில் எழுதிவைத்த பலகையின் மீதே ஏறி நின்று செல்ஃபி எடுத்த பள்ளிப் பிள்ளைகள், அந்த அட்டையைக் கண்டு பத்தடி தள்ளி நின்றார்கள். அதைப் பார்க்கவே ஊர் வர ஆரம்பித்தது. 'இன்னும் தொங்குதா?' என்பதுதான் வாசலில் கேள்வி.

ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஒருவரிடம் கடைசியாகக் கெஞ்சினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல அடுத்தவன் அட்டையில கை வெச்சதில்ல. கலைக்காக ஆரம்பிக்கச் சொல்றீங்களா?"

காடாம்புலியூர்

கலியமூர்த்தியின் செக்‌ஷனில் விசாரித்தால், லீவு; மாமனார் ஊரில் மகளுக்குக் காதுகுத்து என்றார்கள். வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துக் காடாம்புலியூர் போனேன். பந்தலில் பலாச்சுளை விநியோகித்துக்கொண்டிருந்த கலியமூர்த்தி என்னைப் பார்த்ததும் கேட்டது, "வாங்க சார், நட்டு மாட்டிட்டீங்களா?"

எந்த நட்டு என்றேன்.

"எம் பொண்ணு அத்தத் தள்ளிகினு இருந்துச்சு சார். மேல கடகடன்னு சத்தம். அண்ணாந்து பாத்தா வளையம் தொங்குற பேரிங்கத் தாங்குற போல்ட்டு ஒண்ணுல நட்டே இல்ல, இன்னொண்ணு பாதி வெளியில. அடியில பத்துப் புள்ளைங்க."

குரலில் அதிகாரம் குறையாமல், என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா என்றேன்.

"சொல்ல வந்தேன் சார். நீங்க வெறுமையப் பத்திப் பேசிகினு இருந்தீங்க. நடுவுல பேசாதன்னு கையக் காட்னீங்க."

ஞாயிற்றுக்கிழமை

அறக்கட்டளைக்காரர்கள் வந்தபோது கூடத்தில் நிற்க இடமில்லை. நெய்வேலியே வேடிக்கை பார்க்க, கலியமூர்த்தி ஏணி போட்டு மேலே ஏறினார். காதர் பாய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். புது போல்ட், புது நட்டு, அதன் மேல் இன்னொரு நட்டு. இறங்கி, கம்பியைப் பிரித்து, அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மகளைக் கூப்பிட்டார். புதுக் கம்மலோடு அவள் வந்து தள்ளினாள். நாலரை டன்னில் ஒரு சத்தம் இல்லை. அறக்கட்டளைத் தலைவர் என் பக்கம் திரும்பி, கூடம் தொடரட்டும் என்றார்.

நான் கைகுவித்து நன்றியுரைக்குத் தயாரானேன். கலியமூர்த்தி கையைத் துடைத்துக்கொண்டு வளையத்துக்கு நேர் கீழே போய் நின்றார். "இப்ப சொல்லுங்க சார், நிம்மதியா கேக்கலாம். அந்த வெறுமைன்னா என்னா?"

கூடம் இன்றும் நடக்கிறது, வெறுமையைப் பற்றி இன்றும் கால் மணி நேரம் பேசுகிறேன். நடுவில் யாராவது கையைத் தூக்கினால் மட்டும், பேச்சை நிறுத்தி முதலில் அண்ணாந்து பார்த்துக்கொள்கிறேன்.