அண்ணனுக்கு நீலம், அக்காவுக்குப் பச்சை

அலுவலகத்தில் அவளை ‘ஐபோன் அக்கா’ என்பார்கள், அவள் கணவனை ‘ஆண்ட்ராய்டு அண்ணன்’ என்பார்கள். அண்ணனும் அக்காவும் எப்படிப் புருஷன் பெண்டாட்டி ஆவார்கள் என்று ஒருவரும் யோசித்ததில்லை. டாக்டரைப் பார்க்க வீட்டிலிருந்தே டோக்கன் எடுக்கும் செயலி ஒன்றை அந்தக் கம்பெனி நடத்தியது. ஐபோனில் ஓடுவதை அவள் எழுதினாள், ஆண்ட்ராய்டில் ஓடுவதை அவன் எழுதினான். ஒரே வேலையை இரண்டு பேர் செய்து இரண்டு சம்பளம் வாங்குகிறார்களே என்று மேனேஜருக்கு ஒரு நாள் ஞானம் பிறந்தது.

“இனிமே ஒரு தடவை எழுதினா ரெண்டு போன்லயும் ஓடணும். அதுக்குத்தான் ஃப்ரேம்வொர்க் இருக்கே. ஆளுக்கு ஒண்ணுல மாதிரி செஞ்சு காட்டுங்க, எது நல்லாயிருக்கோ அத எடுத்துக்கலாம்” என்றார்.

எழுதுவது ஒன்று என்றால் எழுதுகிற ஆளும் ஒன்றுதான். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

போட்டிக்கு நின்ற ஃப்ரேம்வொர்க் இரண்டையும் சின்னத்தின் நிறத்தை வைத்து நீலம், பச்சை என்றே எல்லாரும் சொன்னார்கள். நீலத்தின் மொழி அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. பச்சையின் மொழியில் அவள் முன்பு இணையதளங்கள் கட்டியவள். பச்சை தேறினால் அவளுக்கு வேலை நிலைக்கும், நீலம் தேறினால் அவனுக்கு. “எது வந்தாலும் நமக்குள்ளதானே” என்று இருவரும் சிரித்துக்கொண்டார்கள். அவள் அதை நிஜமாகவே நம்பிச் சிரித்தாள், பைத்தியக்காரி.

அவளுடைய மாதிரி நன்றாகவே ஓடியது. பீரோவில் கிடந்த ஒரு பழைய போனில் போட்டுப் பார்த்தபோதுதான் டாக்டர்கள் பட்டியலைத் தள்ளத் தள்ளத் திக்கியது. அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே அவனிடம் சொன்னாள்.

“பழைய போன்ல லிஸ்ட் திக்குதுங்க. டாக்டருங்க போட்டோவ பெரிசா அப்படியே இறக்குறேன்ல, அதான். சின்னதாக்கிட்டா சரியாயிடும். மீட்டிங் முடிஞ்சு செய்யணும்.”

“ம், பாத்துக்கலாம்” என்றான், தட்டைத் துடைத்தபடி.

கூட்டத்தில் முதலில் அவனுடைய நீலத்தைக் காட்டினார்கள். ஐபோனில் டோக்கன் அறிவிப்பு பிந்தி வந்தது. அவள் கண் ஒன்றுதான் அதைப் பார்த்தது. நாலு பேர் முன்னால் கட்டின புருஷனை விட்டுக்கொடுப்பதா, வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள். அடுத்து அவளுடைய பச்சை. எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போது அவன் எழுந்தான்.

“சார், இத ஒரு பழைய போன்ல போட்டுப் பாருங்க. லிஸ்ட் திக்கும். நம்ம நோயாளிங்க பாதிப் பேர் கையில பழைய போன்தான் இருக்கு.”

போட்டுப் பார்த்தார்கள், திக்கியது. காரணம் போட்டோ என்பதை அவன் சொல்லவே இல்லை. அவள் எழுந்து, “சார், அது படத்தோட அளவு...” என்று தொடங்கியதும் மேனேஜர் கையைக் காட்டி, “குடும்பச் சண்டைய வீட்ல வச்சுக்கங்கம்மா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவனும்தான் சிரித்தான். நீலம்தான் என்று அங்கேயே முடிவானது. வேலை போனதைவிட அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது.

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அது இதுதான். பயத்தில் செய்துவிட்டான் என்று வேண்டுமானால் அவனுக்காகப் பரிந்து பேசலாம். பயந்தவன் பறித்தாலும் குழி குழிதான்.

“யாரு வேலைக்குப் போனா என்ன? சம்பளம் ஒரே வீட்டுக்குத்தானே வருது” என்றான் அன்று வீட்டில்.

“அப்ப நீங்க வீட்ல இருந்திருக்கலாமே?”

அந்த மாதக் கடைசியில் மேஜையைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டாள்.

நீலம் வெளியானது. நோயாளியின் டோக்கனைக் கூப்பிட்டு முடித்த பிறகே ஐபோனில் அறிவிப்பு வந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் முறை தப்பிக் கடைசியில் போய் நின்றார்கள். ஐபோனின் உள்ளே கைவைக்கத் தெரிந்த ஆள் அலுவலகத்தில் யாரும் இல்லை. அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

“இத நீ முன்னாடியே பாத்திருப்பியே. எங்க மாத்தணும்?”

“வீட்ல சொன்னத மீட்டிங்ல சொன்னீங்க. இப்ப மீட்டிங்ல கேக்க வேண்டியத வீட்ல கேக்கறீங்க” என்றாள். ஆனாலும் காய்ச்சல்காரக் குழந்தைகள் என்ன பாவம் செய்தன என்று இடத்தைக் காட்டித் தொலைத்தாள். மறுநாள் அலுவலகத்தில் ஆண்ட்ராய்டு அண்ணனுக்குக் கைதட்டினார்களாம். கைதட்டியதை அவனே வந்து சொன்னான். யாரிடம் கேட்டுச் செய்தாய் என்று யாராவது கேட்டார்களா என்பதை மட்டும் சொல்லவில்லை.

சில மாதங்களில் அவளுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தச் செய்தி அவனுக்கு அவர்களுடைய மகள் சொல்லித்தான் தெரிந்தது. வேலைக்குச் சேரும் நாள் காலை அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றான்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?” என்றான். பிறகு பேச்சை லேசாக்கப் பார்த்தான். “அங்க நீலமா, பச்சையா?”

“உங்ககிட்ட சொன்னா, நீங்க அத யார்கிட்ட போய்ச் சொல்வீங்கன்னு யோசிக்க வேண்டியிருக்கு. அதான் சொல்லல.”

கட்டின புருஷனிடம் பேசுகிற பேச்சா இது என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் சொன்னது பொய்யில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் இறங்கி நடந்தாள்.