கூலிங் டாக்டரின் வீட்டு வைத்தியம்

"ஃபேனை நிறுத்துங்க. டிவிய நிறுத்துங்க. சார், நீங்களும் கொஞ்சம் நிறுத்துங்க." எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் இதுதான். பிறகு குந்தி உட்கார்ந்து, ஃப்ரிட்ஜின் முதுகில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். நடுவில் யாராவது தும்மினால் முறைப்பார்.

தொழில், ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தெருவில் 'கூலிங் டாக்டர்' என்றால்தான் தெரியும். பட்டம் கொடுத்த கல்லூரி எது என்று கேட்காதீர்கள். அவரே சூட்டிக்கொண்டு, ஸ்கூட்டரின் பின்பக்கம் சிவப்பில் எழுதியும் வைத்துவிட்டார்.

ஃப்ரிட்ஜ்களிடம் அவர் காட்டும் பரிவைப் பார்த்தால், நாமும் கம்ப்ரஸராகப் பிறந்திருக்கலாமோ என்று ஏக்கமாக இருக்கும். "ரெண்டு தட்டு தட்டினா ஓடிடுமே" என்று ஒரு வீட்டம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். "அடிச்சு ஓட்ட இது என்னம்மா மாடா? எப்பலேர்ந்து இப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க முதல்ல!"

இதே மகான் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கையைத் தட்டுவார். "எழுந்திரு, எழுந்திரு! இன்னுமா படுக்கை? நாலு எட்டு நடந்தா எல்லாம் பறந்துடும்!"

படுத்திருப்பது அவருடைய மனைவி. பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடிப்பவர், மாதக்கணக்காக விடுப்பில் இருக்கிறார். தலை வாரக்கூடத் தெம்பில்லை. பிடித்த பாட்டைப் போட்டாலும் சுவரையே பார்க்கிறார். டாக்டர், அதாவது நிஜ டாக்டர், இது மனச்சோர்வு, நிறையப் பேருக்கு வருவதுதான், வைத்தியம் பார்த்தால் குணமாகும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். நம் டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நிறையப் பேருக்கு வந்தா அது வியாதியா? சோம்பேறித்தனம்!" மாத்திரை அட்டையைப் பழைய தெர்மோஸ்டாட்டுகள் கிடக்கும் டப்பாவில் போட்டு மூடினார். என்ன துணிச்சல் பாருங்கள்!

மனைவியின் தங்கை அக்காவைப் பார்க்க வந்தார். மாத்திரை எங்கே என்று கேட்டார்.

"அவளுக்கு எதுக்கும்மா மாத்திரை? நேத்துகூட டிவியப் பாத்துச் சிரிச்சாளே!"

"மாமா, ஃப்ரிட்ஜத் திறந்தா உள்ள லைட் எரியுது. அப்ப அது நல்லா இருக்குன்னு விட்டுடுவீங்களா?"

தொழிலைத் தொட்டால் சும்மா இருப்பாரா? "லைட் வேற, கம்ப்ரஸர் வேற! லைட் பாட்டுக்கு எரியும், உள்ள எல்லாம் கெட்டுப் போயிட்டு இருக்கும். இதுகூடத் தெரியாம..."

பாதியில் நின்றுவிட்டார். முகம் தொங்கிப்போயிற்று.

டப்பாவைத் திறந்து, அட்டையை எடுத்துத் தூசி தட்டித் தங்கையிடம் கொடுத்தார். உள்ளே போய் ஃபேனை நிறுத்தினார். கூடத்துக்கு வந்து டிவியையும் நிறுத்தினார். கட்டிலருகே குந்தி உட்கார்ந்து, "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்றார். சுவர்ப்பக்கமிருந்து பதில் வர நேரமாயிற்று.

அறை வாசலில் நின்ற தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூலிங் டாக்டர் திரும்பி முறைத்தார்.