ரேடியேட்டர் ஃபேன் ஓடாத வியாழக்கிழமை

சகோதர சகோதரிகளே, இதை உங்கள் முன்னால் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது. வெட்கம்தான் காரணம்.

நாங்கள் புதுப்பட்டினத்தில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு அணு ஆராய்ச்சிப் பிரிவில் ஷிப்ட் வேலை. என் மாமனாருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் செங்கல்பட்டு மருத்துவமனையில் டயாலிசிஸ். அவரைக் காரில் கூட்டிப் போய், நான்கு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கூட்டி வருவது நான்தான். அதற்காகவே ஆசிரியை வேலையை விட்டேன்.

இரண்டு வருடம் ஓடியது. எனக்குள் ஏதோ வறண்டுபோயிற்று. ஒருநாள் துணி காயப்போடும்போது ஜெபித்தேன். "ஆண்டவரே, இந்தப் பாரத்தை எடுத்துப்போடும்." என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்.

போன சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை தலைவலி என்று சொல்லி மருத்துவமனைக்குப் போகவில்லை. தலைவலி எதுவும் இல்லை. முடியவில்லை, அவ்வளவுதான். புதன்கிழமை அவர் கால் வீங்கியது. வியாழன் காலை எழுந்து பார்த்தால் முகமும் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கணவர் வேலைக்குப் போய்விட்டார். அங்கே உள்ளே செல்போன் அனுமதி இல்லை. மாமாவை முன்சீட்டில் உட்கார வைத்துக் கிளம்பினேன்.

திருக்கழுக்குன்றத்தில் அன்று தேர். நான் மறந்தே போனேன். ஊருக்குள் நுழைந்ததும் முன்னும் பின்னும் வண்டிகள். பத்து நிமிடம் நின்றோம். சூட்டைக் காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. முந்தின சனிக்கிழமையும் சிக்னலில் இப்படி ஏறியது. ஓட ஓடத் தானே இறங்கிவிட்டதால் கவனிக்காமல் விட்டிருந்தேன். இப்போது இறங்கவில்லை. சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானெட் ஓரத்தில் ஆவி வந்தது. வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தி இன்ஜினை அணைத்தேன்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இந்தக் கூட்டத்தைத் தாண்டி வர முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

"எம்மா, போயிருவோமா?" என்றார் மாமா. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கினார்.

"போயிருவோம் மாமா."

நான் கேட்ட ஜெபம் இப்போது என் கண்ணெதிரே நிறைவேறுகிறது என்று நினைத்தேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்து வாய்விட்டே அழுதேன். "ஆண்டவரே, நான் கேட்டதைக் கொடுத்துவிடாதேயும். எனக்கு இவர் வேண்டும்."

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் துண்டு. எதிரே இருந்த மோர்ப் பந்தலுக்குத் தண்ணீர் கேன் இறக்க வந்த மினி வேன் ஓட்டுநர். பெயர் ஏகாம்பரம் என்று பிறகுதான் தெரிந்தது.

"இன்னாமா, வண்டி சூடாயிடுச்சா? ரேடியேட்டர் மூடியில கை வெக்காத. மூஞ்சில அடிச்சிடும்."

மாமாவைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. பந்தலிலிருந்து இரண்டு பெண்களைக் கூப்பிட்டார். அவர்கள் கதவைத் திறந்து வைத்து மாமாவுக்கு விசிறினார்கள். ஒருத்தி மோர் நீட்டினாள். நான் தடுத்தேன். டயாலிசிஸ் இல்லாத நிலையில் ஒரு டம்ளர்கூட அவருக்கு ஆபத்து. மாமா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேன்.

"தேர் திரும்பினதும் ரோட்ட வுட்ருவாங்க. அதுக்குள்ள ரெடி பண்ணிடலாம். சாவிய மட்டும் போட்டு ஏசிய ஆன் பண்ணு." செய்தேன். பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். "ஏசி போட்டா ஃபேன் ஓடணும். சத்தமே இல்ல பாரு."

ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். நன்றாக இருந்தது. வேனிலிருந்து இரண்டு துண்டு ஒயர் கொண்டுவந்து பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு நேராகக் கொடுத்தார். ஃபேன் சுழன்றது! "மோட்டார் நல்லாத்தான் கீது. ரிலே பூட்ச்சி." ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்னக் கறுப்புப் பெட்டிதான் ரிலே.

"அது இங்கே எங்கே கிடைக்கும்? கடையெல்லாம் மூடியிருக்கே அண்ணா!"

"கட எதுக்கு? ஹாரனுக்கும் அதே ரிலேதான்." இரண்டையும் பிடுங்கி, மேலே இருந்த எண்களை ஒப்பிட்டுப் பார்த்து, இடம் மாற்றிப் போட்டார். இன்ஜின் நன்றாக ஆறியபின் துண்டை வைத்து மூடியைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டார். மாமாவின் தலை சாய ஆரம்பித்திருந்தது. தேர் இன்னும் திரும்பவில்லை. "மாமா, கண்ணைத் திறங்க" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

தேர் திரும்பியது. சாவியைத் திருப்பினேன். ஃபேன் இரைந்தது.

"ஹாரன் அடிக்காது. நான் முன்னால போறேன், என் பின்னாலயே வா" என்றார். செங்கல்பட்டு வரைக்கும் அந்த மினி வேன் ஹாரனை அலறவிட்டு எங்களுக்கு வழி ஏற்படுத்திக் கொடுத்தது. முள் நடுவிலேயே நின்றது. நான் வழியெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

மருத்துவமனையில் செவிலியர் என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். அன்று மாலை மாமா பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்டார். மூச்சு சீராக இருந்தது. நான் அவர் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். பொய்த் தலைவலியையும் சொன்னேன். அந்த ஜெபத்தையும் சொன்னேன்.

"நானும் அதத்தாம்மா கேட்டுக்கிட்டு இருந்தேன். இந்தப் பிள்ளைக்குப் பாரமா இருக்கேன், என்னை எடுத்துக்கிடும்னு" என்றார்.

எங்கள் இருவர் ஜெபத்துக்கும் ஆண்டவர் இல்லை என்று சொல்லியிருக்கிறார்! காருக்குள் நான் அலறிய ஒன்றுக்கு மட்டும் ஆம் என்றார். அதையும் தேர்ப் பந்தலுக்குத் தண்ணீர் இறக்க வந்த ஒரு மனிதர் மூலம் கொடுத்தார்.

இப்போது நான் தனியாகச் சுமப்பதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் நம் சபைச் சகோதரி ஒருவர் மாமாவைக் கூட்டிப் போகிறார். சனிக்கிழமை என் கணவர். "என்னால் முடியவில்லை" என்று வாய்திறந்து கேட்டதும் இருவரும் உடனே சரி என்றார்கள். இரண்டு வருடம் நான்தான் கேட்கவில்லை.

உங்களில் யாராவது வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு, வெளியே சொல்ல முடியாத ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தால், அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் பயந்துவிட மாட்டார். உங்களை விட்டுப் போகவும் மாட்டார். சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடமும் உதவி கேளுங்கள். மாமா இன்று என்னோடு வந்திருக்கிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.