தீர்ப்பு சொல்லாத அம்மாவும் கஞ்சிப் புடவைகளும்

இறைவனில் இளைப்பாறும் எங்கள் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவாக இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். துக்கம் விசாரிக்க வந்த பலரும், அம்மா எத்தனையோ பிள்ளைகளின் சண்டையைத் தீர்த்துவைத்தவர் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மூத்த மகள் என்ற முறையில் நான் ஒன்றைத் தெளிவாக்கியே ஆக வேண்டும். அம்மா எந்தச் சண்டையையும் தீர்த்துவைத்ததில்லை. என்ன சண்டை என்று கேட்டதுகூட இல்லை.

அம்மா பிறந்தது சிந்தாதிரிப்பேட்டையில், ஒரு ஒண்டுக்குடித்தனத்தில். உடன்பிறந்தவர்கள் நிறைய, தண்ணீர்க் குழாய் ஒன்று. வாழ்நாளுக்குத் தேவையான சண்டைகளை அங்கேயே பார்த்துவிட்டார் போலிருக்கிறது. திருமணமாகி சாந்தோம் வந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்த்து என்னையும் தம்பியையும் வளர்த்து ஆளாக்கினார். அவர் கட்டியதெல்லாம் பருத்திப் புடவைகள்தான். சனிக்கிழமைதோறும் வடிகஞ்சியில் முக்கி மொட்டைமாடியில் காயப்போடுவார். பாதி காய்ந்ததும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துச் சுருக்கம் எடுத்து மடிக்க வேண்டும். அந்த வாரம் வீட்டிலோ தெருவிலோ எந்த இரண்டு பிள்ளைகள் பேசாமல் இருக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் அந்த வேலை.

நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது என் உயிர்த்தோழி கிளாரா கோயில் பாடகர் குழுவில் இருந்தாள். அவள் குரல் கீச்சென்று இருக்கிறது என்று சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த தம்பி அதை ஒரு எழுத்து குறையாமல் அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான். அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் அழுதேன். தம்பியை அடிக்கச் சொன்னேன். குறைந்தபட்சம் தப்பு அவன் மேல்தான் என்று ஒரு வார்த்தையாவது சொல்லச் சொன்னேன். அம்மா எங்கள் இருவர் கையிலும் ஓர் ஊதாப் புடவையைக் கொடுத்தார். இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து நான் இழுத்தேன். அவன் சட்டென்று விட்டுவிட்டான். விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். இப்போதாவது தீர்ப்பு வரும் என்று நிமிர்ந்து பார்த்தால், "மறுபடியும் பிடிங்க, சுருக்கம் போகல" என்கிறார். ஒரு பிள்ளை எவ்வளவுதான் பொறுத்துக்கொள்ளும்?

அடுத்த சனிக்கிழமை கிளாராவையே மாடிக்கு வரவழைத்துவிட்டார். அதே ஊதாப் புடவை. மறுமுனையில் நின்றபடி, கீச்சுக்குரல் என்று சொன்னது நிஜமா என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன். அவள் இழுத்த இழுப்பில் கரை பிய்ந்துவிட்டது. அம்மா பார்ப்பதற்குள் இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அவசர அவசரமாகத் தைத்தோம். தைத்து முடிப்பதற்குள் பேசத் தொடங்கியிருந்தோம். அம்மா எதையும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அந்தக் கோணல் தையலோடு பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போனார்.

பிறகு என் பிள்ளைகளும் அந்த வயதுக்கு வந்தார்கள். சார்ஜருக்காக என் மகளும் மகனும் அடித்துக்கொண்டால் அவர்களுக்கும் புடவைதான். பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"யார் மேல தப்புன்னு ஒரு தடவை சொன்னா என்னம்மா குறைஞ்சு போயிடுவே?"

"சொல்லிட்டா ஒருத்தர் என் பக்கத்துல வந்து உக்காந்துப்பாங்க. இன்னொருத்தர் எங்க போவாங்க?"

எனக்கு அது பதிலாகவே படவில்லை. நான் கேட்டது கிளாரா விஷயத்தைத்தான். அது அம்மாவுக்கும் தெரியும்.

கடைசி நாட்கள் அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் கழிந்தன. தம்பி ஆதம்பாக்கத்திலிருந்து வருவான், எப்போதும் தாமதமாக. அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றேன் நான். கூடாது என்றான் அவன். கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வாக்குவாதம் செய்து, கடைசியில் பேச்சையே நிறுத்திக்கொண்டோம். விரிப்பு மாற்ற நர்ஸ் வந்தபோது அம்மா அவரைக் கையசைத்து நிறுத்தினார். பேச்சு அநேகமாக அடங்கிப்போயிருந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "சுருக்கம்" என்றார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். இந்த முறை அவன் விடவில்லை.

தீர்ப்பைச் சொல்லாமலே அம்மா போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், நேரம் பார்க்காமல் வந்து ஜெபித்த பங்குத்தந்தைக்கும், எங்களுக்குச் சோறு அனுப்பிய அண்டை வீட்டாருக்கும் நன்றி. தம்பிக்கும் நன்றி. அவனுக்கு இதைச் சொல்லும் பழக்கம் எனக்கில்லாததால் அச்சிலேயே சொல்லிவிடுகிறேன். நினைவுத் திருப்பலியில் பாடப்போகிறவள் கிளாரா. குரல் மாறவில்லை, மனதைத் தயார் செய்துகொண்டு வாருங்கள்.

அம்மாவின் புடவைகளை உறவுகளுக்குக் கொடுப்பதென்று தம்பியும் நானும் முடிவு செய்திருக்கிறோம். திருப்பலி முடிந்து நீங்கள் வரும்போது எல்லாம் கஞ்சி போட்டு மாடிக் கொடியில் கிடக்கும். நம் குடும்பத்தில் யார் யாரோடு பேசுவதில்லை என்று உங்களுக்கே தெரியும், நான் பெயர் எழுதப் போவதில்லை. அந்த இரண்டு பேரும் சேர்ந்து மாடிக்கு வாருங்கள். என்ன சண்டை என்று கேட்கமாட்டோம். தனியாக வருகிறவர்களுக்குப் புடவை கிடையாது. கரையில் கோணல் தையல் போட்ட ஊதாப் புடவையை மட்டும் தேடாதீர்கள். அதைத் தம்பியும் நானும் நேற்றே இழுத்து மடித்துவிட்டோம்.